எதிர்வீட்டு வாசலில் வேப்பிலை: பத்து மாதக் குழந்தைக்கு இப்போது தட்டம்மை ஊசி போடலாமா?

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் கூட்டுக் குடும்பமாக வசிக்கிறோம். என் மகனுக்குப் பத்து மாதம் முடிந்துவிட்டது. ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை ஊசி போட வரச் சொன்ன நாளில் அவனுக்குச் சளியும் இலேசான காய்ச்சலும் இருந்ததால், உடம்பு தேறட்டும் என்று மாமியார் தடுத்துவிட்டார். உறவினர் ஒருவரின் மகன் ஒன்றரை வயதில் இந்த ஊசி போட்ட பிறகு பேச்சை நிறுத்திவிட்டான் என்று கேள்விப்பட்டதிலிருந்து என் கணவரும் தயங்குகிறார். இப்போது எதிர்வீட்டில் இரண்டு வயதுக் குழந்தைக்கு மணல்வாரி (தட்டம்மை) போட்டு, வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறார்கள். நேற்று மாமியார் என் மகனையும் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எனக்குச் சிறுவயதிலேயே அம்மை வந்து போய்விட்டது. மகனுக்குத் தாய்ப்பால் கொடுக்கிறேன். அந்த எதிர்ப்பு சக்தி அவனுக்குப் போதாதா? நான்கு வயது மகளுக்கு இரண்டாவது ஊசி போட்டோமா என்பது நினைவில்லை, அட்டையும் தொலைந்துவிட்டது. ஐந்து மாதக் கர்ப்பிணியான நாத்தனார் எங்களுடன் இருக்கிறார். குழந்தைக்கு ஊசி போட்டால் அவருக்கு ஏதும் பாதிப்பு வருமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும் அவசரமானது ஒன்றுதான் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். இதைப் படித்த கையோடு மகனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். தட்டம்மை கண்ட குழந்தையின் அருகில் இருந்த நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டுவிட்டால், நோய் வராமலே போகவும், வந்தாலும் அதன் கடுமை குறையவும் வாய்ப்பு உண்டு. இந்தப் பதில் உங்கள் கண்ணில் படும்போது அந்த மூன்று நாட்கள் கடந்திருக்கும் என்றே அஞ்சுகிறேன். அப்படிக் கடந்திருந்தாலும், 'இனி போட்டுப் பயனில்லை' என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம். ஆறு நாட்களுக்குள் என்றால், இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புப் புரதத்தைச் செலுத்தலாமா என்பதைக் குழந்தை மருத்துவர் முடிவு செய்வார். அதைக் கொடுத்தால் தடுப்பூசியைச் சில மாதங்கள் தள்ளிப்போட வேண்டியிருக்கும் என்பதால் அந்த முடிவை அவரிடமே விட்டுவிடுங்கள். ஆறு நாட்களும் கடந்திருந்து, குழந்தை நலமாக இருந்தால் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளலாம். கிருமி ஏற்கெனவே உடம்பில் நுழைந்திருந்தாலும் ஊசியால் கெடுதல் எதுவும் வராது. நுழையாமல் இருந்திருந்தால் அடுத்த தெருவிலிருந்து வரப்போகும் கிருமியிடமிருந்து அது காக்கும். இதற்குள் அவனுக்குக் காய்ச்சலும் கண் சிவப்பும் தொடங்கியிருந்தால் மட்டும், மற்றக் குழந்தைகளோடு வரிசையில் உட்கார வைக்காமல், முன்கூட்டியே செவிலியரிடம் சொல்லி, தனியாகக் காட்டுங்கள்.

நான் ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்பதை உங்கள் மாமியாருக்கும் புரியும்படி விளக்க விரும்புகிறேன். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவது, 'இந்த வீட்டுக்குள் வராதீர்கள்' என்று ஊருக்குச் சொல்லும் அறிவிப்பாகவும் இருந்திருக்கிறது. நோயாளியைத் தனித்து வைக்கும் அந்தப் பழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால், தட்டம்மையில் உடம்பில் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பிருந்தே, அதாவது வெறும் சளி, இருமல், காய்ச்சல், கண் சிவப்பு என்று மட்டும் இருக்கும் நாட்களிலேயே, அந்தக் குழந்தை மற்றவர்களுக்கு நோயைப் பரப்பத் தொடங்கிவிடுகிறது. தடிப்பு வந்த பிறகும் நான்கு நாட்கள் பரப்புகிறது. ஆகவே வாசலில் வேப்பிலை ஏறும் நேரத்தில் நோய் தெருவில் பாதித் தூரம் நடந்து முடிந்திருக்கும். இருமலில் வெளிவரும் கிருமி, மூடிய அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை தங்கியிருக்கக்கூடியது. நோயாளி எழுந்து போன பிறகு அந்த அறைக்குள் வந்தவருக்கும் தொற்றும். எதிர்ப்பு சக்தி இல்லாத பத்துப் பேர் நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தால் ஒன்பது பேருக்கு வந்துவிடும். நாம் அறிந்த தொற்றுநோய்களில் இவ்வளவு வேகமாகப் பரவுபவை மிகச் சில. அதனால்தான் இளநீரும் கையுமாக அம்மை வீட்டைப் பார்க்கப் போகும் அன்பான வழக்கத்தை, தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடியும் வரையிலாவது தள்ளிவைக்க வேண்டும். கைக்குழந்தையை அங்கே தூக்கிச் செல்லவே கூடாது.

அடுத்து, உங்களுக்கு அம்மை வந்து போனதைப் பற்றி. முதலில் நான் கேட்க வேண்டியது, வந்தது எந்த அம்மை என்பதைத்தான். நம் பேச்சு வழக்கில் நீர்க் கொப்புளங்களோடு வரும் சின்னம்மையையும், கன்னம் வீங்கும் பொன்னுக்கு வீங்கியையும், மணலை வாரி இறைத்தாற்போலச் சிவந்த பொரிகளாக வரும் தட்டம்மையையும் 'அம்மை' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஒன்று வந்ததால் மற்றொன்றுக்கு எதிர்ப்பு சக்தி கிடைக்காது. உங்களுக்கு வந்தது தட்டம்மையாகவே இருந்தாலும், உங்கள் எதிர்ப்புப் புரதங்கள் மகனுக்குச் சென்றது கருவில் இருக்கும்போது நஞ்சுக்கொடி வழியாகத்தான். அவை மாதந்தோறும் குறைந்து, ஆறு முதல் ஒன்பது மாதங்களுக்குள் பெரும்பாலும் தீர்ந்துபோகின்றன. தாய்ப்பால் பல நோய்களிலிருந்து காக்கும் என்பது உண்மை, தொடர்ந்து கொடுங்கள். ஆனால் தட்டம்மைக்கு அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

ஒன்பது மாதம் என்ற கணக்கும் இதிலிருந்துதான் பிறக்கிறது. தாயின் எதிர்ப்புப் புரதம் குழந்தையின் உடம்பில் நிறைய இருக்கும்போது ஊசி போட்டால், அந்தப் புரதமே ஊசியில் உள்ள பலவீனப்படுத்தப்பட்ட கிருமியை வேலை செய்ய விடாமல் அழித்துவிடும். அது தீரும்வரை காத்திருந்தால், தீர்ந்த பிறகு ஊசி போடும்வரை குழந்தை காப்பில்லாமல் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே மிகுந்த ஆய்வுக்குப் பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட காலம்தான் நம் நாட்டில் ஒன்பது மாதம் முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் போடப்படும் முதல் தவணை. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் மும்பையில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தபோது, நோய் மிகுந்த பகுதிகளில் ஆறு மாதக் குழந்தைகளுக்கே ஒரு கூடுதல் ஊசி போடும்படி மத்திய அரசு அறிவுறுத்தியது. அங்கே ஒன்பது மாதம்கூடத் தாமதமாகிவிடும் என்ற நிலை இருந்தது. உங்கள் மகன் பத்து மாதம் முடிந்தும், தாயின் காப்பும் தீர்ந்து, ஊசியின் காப்பும் கிடைக்காமல், எதிர்வீட்டில் நோய் இருக்கும் தெருவில் இருக்கிறான். என் கவலை இதுதான்.

சாதாரணச் சளியோ, இலேசான காய்ச்சலோ, சிறு வயிற்றுப்போக்கோ தடுப்பூசியைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது. உங்கள் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். உடம்பு சரியில்லாத பேரனுக்கு ஊசி வேண்டாம் என்று நினைக்கப் பாசம் மட்டும்தான் காரணம். ஆனால் அந்த வயதுக் குழந்தைகளுக்கு மாதம் ஒருமுறை சளி பிடிப்பது இயல்பு என்பதால், மூக்கு ஒழுகாத நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தால் ஊசியே போட முடியாது. அதிகக் காய்ச்சலோடு குழந்தை துவண்டு கிடந்தாலோ, நோய் எதிர்ப்பாற்றலை மிகவும் குறைக்கும் புற்றுநோய் மருந்து போன்ற சிகிச்சையில் இருந்தாலோ, இதே ஊசிக்கு முன்பு கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டிருந்தாலோதான் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. முட்டை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கும் இந்த ஊசியைப் போடலாம்.

இனி உங்கள் கணவரின் தயக்கத்துக்கு வருகிறேன். அந்த உறவினரின் மகனைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாத நிலையில், அவனுக்கு என்ன நேர்ந்தது என்று இங்கிருந்து சொல்வது முறையாகாது. அவன் பேச்சு நின்றிருந்தால் அவனை வளர்ச்சி நிலைகளைப் பரிசோதிக்கும் மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும். 'ஊசியால் வந்தது' என்று சொல்லி அப்படியே விட்டுவிடுவதால் அந்தக் குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய பயிற்சிக் காலம்தான் வீணாகிறது. பேச்சையும் பிறரோடு பழகுவதையும் பாதிக்கும் ஆட்டிசம் என்ற வளர்ச்சிக் குறைபாட்டின் அறிகுறிகள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வயதுக்குள்தான் பெற்றோர் கண்ணுக்குத் தெரிய வருகின்றன. பேச வேண்டிய வயதில்தானே பேச்சு வரவில்லை என்பது தெரியும். இரண்டாவது தவணை தட்டம்மை ஊசி போடும் வயதும் அதுவே. ஒரே காலத்தில் நடந்த இரண்டை ஒன்றால் மற்றொன்று நடந்ததாகத் தாய் தந்தையர் நினைப்பது மிக இயல்பானது. இந்த நினைப்புக்கு அறிவியல் முத்திரை குத்தியது, 1998-இல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற மருத்துவரும் அவருடன் சேர்ந்தவர்களும் வெறும் 12 குழந்தைகளை வைத்து லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரை. அந்த ஆய்வு நேர்மையற்ற முறையில் நடத்தப்பட்டது தெரியவந்து, 2010-இல் அந்த இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் அவருடைய மருத்துவப் பதிவும் பறிக்கப்பட்டது. அதன் பிறகு பல நாடுகள் இதைச் சோதித்துப் பார்த்தன. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசம் வரும் அளவில் வேறுபாடு இல்லை என்று தெளிவானது.

ஊசி மீதான அச்சம் ஓர் ஊரை என்ன செய்யும் என்பதற்கு, உங்கள் கணவர் அறிய வேண்டிய ஒரு நிகழ்வு உண்டு. பசிபிக் பெருங்கடலில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் மட்டும் வாழும் சமோவா என்ற தீவு நாட்டில், 2018 ஜூலையில் தட்டம்மை தடுப்பூசி போட்ட இரண்டு குழந்தைகள் சில நிமிடங்களில் இறந்தன. காரணம் தடுப்பூசி அன்று. உலர்ந்த தூளாக வரும் மருந்தைக் கரைக்க அதற்குரிய நீரைச் சேர்க்காமல், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் வேறொரு மருந்தைச் செவிலியர்கள் தவறுதலாகக் கலந்துவிட்டார்கள். அந்தத் தவறு மன்னிக்கத்தக்கதன்று. அவர்கள் சிறைத் தண்டனையும் பெற்றார்கள். ஆனால் அரசு மாதக்கணக்கில் தடுப்பூசித் திட்டத்தையே நிறுத்தி வைத்தது; மீண்டும் தொடங்கியபோதும் தாய்மார்கள் வரத் தயங்கினார்கள். மறு ஆண்டு வெளியிலிருந்து தட்டம்மை வந்தது. 5,700-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 83 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். 2019 டிசம்பரில் அரசு இரண்டு நாட்கள் நாட்டையே மூடி, ஊசி போடாதவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, வீடு வீடாகச் சென்று ஊசி போட்டது. அந்தச் சிவப்புத் துணியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம் வாசல் வேப்பிலைதான் நினைவுக்கு வருகிறது. ஒரு வேறுபாடு உண்டு: வேப்பிலை நோய் வந்த பிறகு ஏறுவது, அந்தத் துணி, நோய் வருவதற்கு முன் ஊசியை வாசலுக்கே அழைப்பதற்காகக் கட்டப்பட்டது.

சமோவாவில் நடந்ததைப் போன்ற தவறு நேராமல் இருக்க நம் சுகாதார நிலையங்களில் கடைப்பிடிக்கும் முறையை நீங்களே அருகிலிருந்து பார்க்கலாம். சிறு கண்ணாடிக் குப்பியின் அடியில் வெளிறிய தூள் கட்டியாக ஒட்டியிருக்கும். அதே நிறுவனம் அனுப்பிய கரைநீரை மட்டும் செவிலியர் அதில் செலுத்திக் கலக்குவார். திறந்த நேரத்தைக் குப்பியின் மேல் எழுதுவார். நான்கு மணி நேரம் ஆனதும் மீதி இருந்தாலும் அப்புறப்படுத்திவிடுவார். ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கு மருந்து இருப்பதால்தான் எல்லோரையும் ஒரே நாளில், பெரும்பாலும் புதன்கிழமையில், வரச் சொல்கிறார்கள். எப்போது திறந்தது என்று நீங்கள் கேட்கலாம். கேட்கும் தாயைப் பார்த்து நல்ல செவிலியர் யாரும் முகம் சுளிக்க மாட்டார். வலது மேல்கையில் தோலுக்கு அடியில் அரை மில்லி போடுவார். அதன் பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். மிக அரிதாக வரும் கடும் ஒவ்வாமையை அந்த நேரத்தில் கண்டறிந்து சிகிச்சை தருவதற்காகவே உட்கார வைக்கிறார்கள். ஒரு வாரம் கழித்து, ஏறத்தாழ ஐந்தாம் நாளுக்கும் பன்னிரண்டாம் நாளுக்கும் இடையில், சில குழந்தைகளுக்குக் காய்ச்சலும் இலேசான பொரியும் வரும். இரண்டொரு நாளில் தானே மறையும். காய்ச்சலில் வலிப்பு வரும் இயல்புள்ள குழந்தைக்கு அந்த நாட்களில் அரிதாக வலிப்பு வரக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்; அது பார்ப்பதற்கு அச்சுறுத்தினாலும் நிலையான பாதிப்பை விட்டுச் செல்வதில்லை.

நோயோ அப்படி விட்டுவிடுவதில்லை. தடுப்பூசி 1963-இல் பயன்பாட்டுக்கு வருவதற்கு முன் உலகில் ஆண்டுதோறும் சுமார் 26 லட்சம் பேர் தட்டம்மையால் இறந்தார்கள். 2023-இல்கூட 1,07,500 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. பெரும்பாலோர் ஊசி போடாத, அல்லது இரண்டில் ஒன்றை மட்டும் போட்ட சிறு குழந்தைகள். நிமோனியா, வயிற்றுப்போக்கு, மூளைக்காய்ச்சல், பார்வை இழப்பு ஆகியவை பலருக்குத் தெரியும். அதிகம் பேசப்படாதது, இந்த நோய் உடம்பின் பழைய நினைவை அழித்துவிடுவது. அதுவரை வேறு கிருமிகளை எதிர்த்துப் போராடிச் சேர்த்து வைத்த எதிர்ப்புப் புரதங்களில் ஒரு பெரும் பகுதியைத் தட்டம்மை துடைத்துவிடுவதால், நோய் தீர்ந்த பிறகும் மாதக்கணக்கில், சில குழந்தைகளுக்கு ஆண்டுக்கணக்கில், மற்ற நோய்கள் எளிதில் பற்றிக்கொள்கின்றன. 'அம்மை போட்டு எழுந்ததிலிருந்து பிள்ளை தேறவே இல்லை' என்று பாட்டிமார் சொல்லிவந்ததற்கு இன்று கிடைத்திருக்கும் விளக்கம் இது.

பட்டமேற்படிப்புக் காலத்தில் நான் பார்த்த ஒரு சிறுவனை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒன்பது வயது, நன்றாகப் படித்தவன். சத்துணவு வாங்கும்போது தட்டைக் கீழே போட்டுவிடுகிறான் என்று பள்ளியில் திட்டு வாங்கினான். பிறகு எழுத்து கோணியது. உட்கார்ந்த இடத்தில் திடீரென்று உடம்பு ஒருமுறை உதறும், தட்டு விழும், அவன் ஒன்றும் நடக்காதது போல மீண்டும் எடுப்பான். சில மாதங்களில் அம்மாவை அடையாளம் தெரியாமல் போனது. குழந்தையாக இருந்தபோது என்ன நோய் வந்தது என்று விசாரித்தபோது, பத்தாவது மாதத்தில் மணல்வாரி போட்டு ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது என்று தாய் சொன்னார். மூளையில் பல ஆண்டுகள் மறைந்திருந்து, பெரும்பாலும் ஏழு முதல் பத்து ஆண்டுகள் கழித்து வெளிப்படும் இந்தப் பின்விளைவு அரிதானது. ஆனால் இரண்டு வயதுக்குள் தட்டம்மை வந்தவர்களுக்கு அதன் ஆபத்து அதிகம், அதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. உங்கள் கடிதத்தில் 'பத்து மாதம்' என்ற சொல்லைப் படித்தபோது அந்தத் தட்டு விழும் ஓசைதான் எனக்குக் கேட்டது.

அடுத்த மூன்று வாரங்கள் மகனைக் கவனமாகப் பாருங்கள். தொற்றிய பத்தாவது நாளை ஒட்டிக் காய்ச்சல் தொடங்கி, பதினான்காவது நாளை ஒட்டிக் காதுக்குப் பின்னாலும் முகத்திலும் பொரி தோன்றிக் கீழ்நோக்கி இறங்கும். அப்படி வந்தால் வேப்பிலை வைத்துக்கொள்ளுங்கள், கும்பிட்டுக்கொள்ளுங்கள், அதற்கு மருத்துவம் குறுக்கே நிற்காது; ஆனால் மருத்துவரிடம் காட்டுவதைத் தடுக்காதீர்கள், பத்தியம் என்ற பெயரில் உணவைக் குறைக்காதீர்கள். தாய்ப்பாலும், வழக்கமாக உண்ணும் உணவும், நிறையத் தண்ணீரும் கொடுங்கள். தட்டம்மை வந்த எல்லாக் குழந்தைகளுக்கும் அடுத்தடுத்த இரண்டு நாட்கள் வைட்டமின் ஏ மருந்து கொடுக்க வேண்டும். அவன் வயதுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு லட்சம் யூனிட். பார்வையையும் உயிரையும் காக்கும் அந்த மருந்தை மருத்துவரே கொடுப்பார், அளவை நீங்களாகத் தீர்மானிக்க வேண்டாம். கண்ணில் தாய்ப்பாலோ, இலைச் சாறோ, நாமக்கட்டிக் கரைசலோ விடக்கூடாது. மூச்சு வேகமானாலும், பால் குடிக்க மறுத்தாலும், வலிப்பு வந்தாலும், எழுப்ப முடியாமல் தூங்கினாலும், கருவிழி மங்கலாகத் தெரிந்தாலும் இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இவற்றை எதிர்வீட்டாரிடமும் சொல்லுங்கள். அந்தக் குழந்தைக்கு வைட்டமின் ஏ கிடைத்ததா என்று கேட்டு, கிராம சுகாதார செவிலியருக்கும் தகவல் கொடுங்கள். அவருக்குத் தெரிந்தால்தான் தெருவில் ஊசி போடாத மற்றக் குழந்தைகளைத் தேடிப் பிடிக்க முடியும்.

மகளைப் பொறுத்தவரை, பதிவு இல்லையென்றால் போடவில்லை என்றே எடுத்துக்கொள்வதுதான் எங்கள் மரபு. முதலில் செவிலியரின் பதிவேட்டில் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் உங்களுக்குக் கொடுத்த பதிவு எண் இருந்தால் எளிதில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஐந்து வயது முடிவதற்குள் அரசு நிலையத்திலேயே இலவசமாகப் போட்டுவிடலாம். ஏற்கெனவே போட்டிருந்து இன்னொரு முறை போடுவதால் தீங்கில்லை.

நாத்தனாருக்குக் குழந்தையின் ஊசியால் எந்த ஆபத்தும் இல்லை. ஊசி போட்ட குழந்தையிடமிருந்து கர்ப்பிணிக்கு நோய் வராது. சொல்லப்போனால் அவருக்காகவும்தான் போட வேண்டும். 2017 பிப்ரவரி முதல் நம் மாநிலத்தில் இந்த ஊசி ரூபெல்லாவுக்கும் சேர்த்துப் போடப்படுகிறது. ரூபெல்லா குழந்தைக்கு இலேசாக வந்து போகும். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு வந்தாலோ கருவின் இதயம், கண், காது எல்லாவற்றையும் கெடுக்கும். கர்ப்பமாக இருக்கும்போது அவருக்கு இந்த ஊசியைப் போடக்கூடாது என்பதால், சுற்றியிருப்பவர்களுக்குப் போடுவதே அவருக்குக் காப்பு. எதிர்வீட்டுக்கு அவரும் போயிருந்தால், அதை மறைக்காமல் அவருடைய மகப்பேறு மருத்துவரிடம் உடனே சொல்லச் சொல்லுங்கள். கர்ப்பிணிக்குத் தட்டம்மை வருவது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தானது.

மகனுக்கு முதல் ஊசியோடு, விடுபட்ட ஒன்பதாவது மாதத்து மற்ற ஊசிகளையும் வைட்டமின் ஏ சொட்டையும் அன்றே கேட்டுப் பெறுங்கள். ஒன்பது மாதத்தில் போடும் ஒரு தவணை ஏறத்தாழ நூற்றுக்கு 85 குழந்தைகளைத்தான் காக்கும். எஞ்சியவர்களுக்காகவே இரண்டாவது தவணை. அது பதினாறு மாதம் முடிந்ததும். புதிய அட்டையில் அந்தத் தேதியைச் செவிலியரையே எழுதச் சொல்லி, முடிந்தால் மாமியாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள அவரைவிடப் பொருத்தமானவர் யாரும் இல்லை.